சென்னைக்குத் தெற்கே 220 மைல்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஆகாய மார்க்கமாகத் தூரம் ஏறக்குறைய 355 கிலோமீட்டர். பழைய கணக்கில் 220 மைல். தேசப்படத்தின்மேல் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு இழுத்தால், அது கிழக்கிலோ மேற்கிலோ அதிகம் சாயாமல், கோடிக்கரை முனையை வலப்புறம் விட்டு, பாக்கு நீரிணையைக் கடந்து, பலாலி அமைந்த வலிகாமத்துச் செம்மண்ணில் போய் முடிகிறது. சென்னைவாசிக்குக் கோயம்புத்தூரைக் காட்டிலும் யாழ்ப்பாணமே சமீபம் என்பது பலருக்கு ஆச்சரியமாயிருக்கும். ஆனால் இந்த 220 மைலைக் கடக்கும் காலமோ, அரசும் யுத்தமும் வகுத்த வழியைப் பொறுத்தே சுருங்கியும் நீண்டும் வந்திருக்கிறது.

1849-ஆம் ஆண்டில் நல்லூர் ஆறுமுகம் பிள்ளை, சைவ நூல்களைப் பதிப்பிக்க அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுச் சென்னைக்குப் பிரயாணமானபோது, கடல் தாண்டித் தமிழகத்தை அடைந்து, இடையில் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்து, 'நாவலர்' என்னும் பட்டம் பெற்ற பின்னரே பட்டணம் போய்ச் சேர்ந்தார். தாமதம் அவருக்கு நஷ்டமன்று. வழியே பெரும் பேறாயிற்று.

1914-இல் பாம்பன் பாலம் திறந்து போட் மெயில் ஓடத் தொடங்கியபின், எழும்பூரில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் நீராவிக் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்து, மதவாச்சிச் சந்திப்பில் பெட்டி படுக்கையோடு இறங்கி, வடக்கே போகும் வண்டிக்காகக் காத்திருந்து யாழ்ப்பாணம் அடைந்தார். மூன்று ரயில், ஒரு கப்பல்! தனுஷ்கோடியையும் 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோயிற்று.

இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1947 டிசம்பர் 10 அன்று, ஏர் சிலோன் நிறுவனத்தின் டகோட்டா விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, உலக யுத்தத்தின்போது ஆங்கிலேயர் அமைத்த காங்கேசன்துறை விமானத்தளத்தில், அதாவது இன்றைய பலாலியில், இறங்கிச் சென்னை வந்தது. அந்நிறுவனத்தின் முதல் விமானங்களில் ஒன்றுக்குச் சீதாதேவி என்று பெயர். இவ்விரு தேசங்களுக்கிடையே பறக்கும் ஊர்திக்கு அதனினும் பொருத்தமான நாமம் எது?

பின்னர் உள்நாட்டு யுத்தம் மூண்டது. பலாலி ராணுவத் தளமாயிற்று. சுற்றுப்புறக் கிராமத்தார் தங்கள் வீட்டையும் வாழைத் தோட்டத்தையும் விட்டு அகன்றனர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னை விமானம் அங்கே இறங்கவில்லை. தாயைக் காணச் செல்லும் மகன், ஏறத்தாழ 640 கிலோமீட்டர் பறந்து கொழும்புக்குப் போய், பாதை திறந்திருந்தால் தரைவழியே 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பிவர வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து கொழும்புக்கு இழுக்கும் நேர்கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீதே செல்கிறது என்பதை நினைக்க நெஞ்சம் பதைக்கிறது.

2019 நவம்பரில் சிறு விமானமொன்று மீண்டும் பலாலிக்குப் பறக்கத் தொடங்கி, கொள்ளைநோயால் நின்று, 2022 டிசம்பர் 12-இல் மறுபடி புறப்பட்டது. ஒன்றரை மணி நேரத்திற்குள் பிரயாணம் முடிந்துவிடுகிறது. செல்லும் அன்பர்கள் வலப்புறச் சாளரத்தோர ஆசனத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வானம் தெளிந்திருந்தால் கோடிக்கரை தெரியும்.