நிழல் காட்டும் பாடம்: தொடக்கப் பள்ளி அறிவியலின் சிறு வரலாறு

தமிழில் அறிவியல் எழுத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெ.நா. அப்புசாமியைத் தவிர்க்க இயலாது. 1891இல் நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்த அவர், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிவியலை எளிய தமிழில் எழுதினார். ஆயினும் அறிவியலைப் படித்தறிவது ஒன்று, செய்தறிவது வேறொன்று. செய்தறியும் கல்வி சிறு பிள்ளைகளின் கைகளுக்கு வந்த வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

இரண்டாம் உலகப் போர் பல நாடுகளின் பள்ளிகளையும் ஆய்வுக்கூடங்களையும் அழித்தது. அந்நாடுகளின் ஆசிரியர்களுக்காக ஜே.பி. ஸ்டீஃபன்சன் எழுதிய கையேட்டை யுனெஸ்கோ வெளியிட்டது. அதன் வழியில் விரிந்து, 1956இல் அறிவியல் கற்பித்தலுக்கான பெருநூல் ஒன்று வந்தது. காலி டப்பா, கண்ணாடிப் புட்டி, மெழுகுவத்தி, நூல் ஆகியவையே அதன் கருவிகள். கருவியில்லை என்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதை உலகம் இடிபாடுகளுக்கு நடுவே கற்றுக்கொண்டது.

நம் நாட்டில் இம்முறை ஆழமாக வேரூன்றிய இடம் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டம். 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அத்திட்டம் 1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. பிள்ளைகள் குழுவாகச் சோதனை செய்து, கண்டதைத் தாமே எழுதி, விவாதித்து முடிவுக்கு வந்தனர். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்வு எழுதினர். செய்முறைக்கும் மதிப்பெண் இருந்தது. முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. நல்ல முறையாயினும் அரசாணை ஒன்றால் அணைந்துவிடும் என்பதே அது விட்டுச்சென்ற கசப்பான பாடம்.

தமிழகத்திற்கு 1987 ஒரு திருப்புமுனை. அவ்வாண்டில் திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் மையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பாரத மக்கள் அறிவியல் கலைப்பயணம் நாடெங்கும் நடந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் சிறுவர்களுக்கான 'துளிர்' இதழைத் தொடங்கினர். ஆக, காட்சிக்கூடம், தெரு, அச்சுத்தாள் ஆகிய மூன்று வழிகளிலும் அறிவியல் பிள்ளைகளைத் தேடி வந்தது. எஞ்சியிருந்தது வகுப்பறை ஒன்றே.

வகுப்பறையில் அது ஏன் வேண்டும்? நெல்லைக்கு வடக்கே, மதுரைச் சாலையில் உள்ள கங்கைகொண்டானை எடுத்துக்கொள்வோம். பள்ளி முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, உச்சிவேளையில் அதன் நிழலைச் சுண்ணக்கட்டியால் குறிக்கச் செய்வோம். மார்கழியில் நிழல் வடக்கே விழும். சித்திரை பிறப்பை ஒட்டிய நாள்களில் நிழலே இராது. ஆனியில் அது தெற்கே திரும்பியிருக்கும். ஆகஸ்டு இறுதியில் மீண்டும் ஒருமுறை மறையும். லண்டனில் எழுதப்பட்ட பாடநூலோ நண்பகல் நிழல் எப்போதும் வடக்கு நோக்கியே விழும் என்று சொல்லும். லண்டனுக்கு அது உண்மை. ஏறத்தாழ ஒன்பது பாகை வட அட்சரேகையில் அமைந்த கங்கைகொண்டானுக்கு அது பொய். இதனை அறிய ஒரு கோலும் ஓராண்டுப் பொறுமையும் போதும். பாடநூலை மனப்பாடம் செய்த பிள்ளை தன் ஊரின் வானத்தையே தவறாக அறியும். கோல் நட்ட பிள்ளை அச்சிட்ட சொல்லையும் சரிபார்க்கக் கற்கும். இச்சோதனைகளின் உண்மையான பயன் இதுவே என்பது நம் கருத்து.

28 நவம்பர் 2022 அன்று தமிழக அரசு 'வானவில் மன்றம்' என்னும் திட்டத்தைத் திருச்சியில் தொடங்கியது. கருத்தாளர்கள் பள்ளிதோறும் சென்று அறிவியல், கணிதச் சோதனைகளை மாணவர்களைக் கொண்டே செய்விக்கும் ஏற்பாடு அது. வகுப்பறையின் கதவு அரசாலேயே திறக்கப்பட்டதில் நமக்கு மகிழ்ச்சி உண்டு. ஆயினும் அது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கென வகுக்கப்பட்டது. 'ஏன்' என்ற கேள்வி ஓயாமல் எழும் பருவமோ அதற்கும் முந்தையது. ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு வண்டியில் வரும் கருவிகள் கூடத் தேவையில்லை. அவர்கள் நட்ட கோலைப் பிடுங்காமல் ஓராண்டு காத்து நிற்கும் ஆசிரியர் ஒருவரும், அதற்கு நேரம் ஒதுக்கும் பாடத்திட்டமும் இருந்தால் போதும். ஹோஷங்காபாத்தில் முப்பதாண்டு வாழ்ந்ததும் பின்னர் இழந்ததும் இவற்றையே. நம் தொடக்கப் பள்ளிகளுக்கு இவை வாய்க்குமா என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.