பரங்கிக் குலமும் ஒரே பந்தியும்

மதுரையில் கிறிஸ்தவ விசுவாசத்தின் வரலாற்றை ஆராய்வோர் முதற்கண் எதிர்கொள்வது ஒரு சொல்லால் விளைந்த சிக்கலாகும். 1606-இல் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தபோது, கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் இயேசு சபைக் குரு பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்குப் பணியாற்றியிருந்தார். கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களை அவர் பேணினாரேயன்றி, நகரத்தாரிடையே விசுவாசிகளைப் பெறவில்லை. ஞானஸ்நானம் பெற வருவோரிடம் 'பரங்கிக் குலத்தில்' சேர விருப்பமா என்று வினவும் வழக்கம் இருந்ததை நோபிலி கண்டார். பரங்கி என்பது ஊரார் செவியில் ஒரு மதத்தின் பெயரன்று. மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தும் அந்நியரின் பெயர். ஆகவே கிறிஸ்தவனாவதென்பது, தன் குலத்தைவிட்டு இழிந்ததெனக் கருதப்பட்ட வேறொரு குலத்திற்குள் போவதென்றே பொருள்பட்டது.

நோபிலி காவி உடுத்தார். மரக்கறி உணவு கொண்டார். பெர்னாண்டஸின் இல்லத்தினின்று பிரிந்து வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சமூக அடையாளங்களே, அவற்றைக் களையாமலே ஒருவன் ஞானஸ்நானம் பெறலாம் என்று வாதிட்டார். வழக்கு உரோமை வரை சென்றது. 1623-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரி, சில நிபந்தனைகளுடன் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். கிறிஸ்துவின் பெயர் பரங்கியினின்று விடுபட்டது பெரும் பேறே. ஆயினும் அதற்குரிய விலையைச் செலுத்தியவர் யார்? தாழ்த்தப்பட்டோரிடையே பணியாற்ற 1640 முதல் பண்டாரசாமிகள் என்னும் தனிக் குருமார் தேவைப்பட்டனர்.

யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் வந்த அமெரிக்க மிஷனரிகள் எதிர்த்திசையில் சென்றனர். சபையாரும் உபதேசியார்களும் சாதி வேற்றுமையின்றி ஒரே பந்தியில் உண்ண வேண்டுமென 1847-இல் அவர்கள் வற்புறுத்தினர். மறுத்தோர் பலர், உபதேசியார் உட்பட, சபையின் ஐக்கியத்தினின்று விலக்கப்பட்டனர். கலாத்தியர் 3:28-ஐ நாம் எளிதாகப் பிரசங்கிக்கிறோம். அதனை ஒரு வாழையிலையின் முன் அமர்த்திச் சோதித்தவர்கள் இவர்கள். (அப்பந்தியில் அமர்வதால் மிஷனரிகளுக்கு இழப்பொன்றும் இல்லை என்பதும் மறக்கத்தக்கதன்று.)

அமர்ந்தோர் அனைவருக்கும் அவ்வுணவு ஒன்றாயிருக்கவில்லை என்பதே சிந்தித்தற்குரியது. மேற்குலத்தான் ஒருவனுக்கு அது உறவும் மகளின் திருமணமும் போகும் வாயிலாயிற்று. அவனது தயக்கத்தை வெறும் செருக்கெனத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. தாழ்த்தப்பட்டவனுக்கோ, தன் விசுவாசத்தை அயலான் ஒப்புக்கொள்ளுதற்கு அதுவே சான்று. உள்ளத்தில் புதிதாக்கப்பட்டவன் தான் யார் என்று அறிந்திருந்தாலும், அருகிலிருப்பவன் இலையை நகர்த்திக்கொண்டால் அவன் பழைய பெயராலேயே அழைக்கப்படுகிறான். தமிழகத்தில் சாதிக்கொன்றாகக் கல்லறைத் தோட்டம் வைத்திருந்த ஊர்ச் சபைகளுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இதனோடு இன்னொன்றையும் சேர்த்து நோக்கவேண்டும். 1950-ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதியினர் ஆணை இந்துக்களையே கருதிற்று, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. கல்லறையில் சாதி மாறாத அதே மனிதன், அரசின் ஏட்டில் மட்டும் ஞானஸ்நானத்தால் சாதியை இழந்தவனாகிறான். மதுரைச் சமவெளியின் சேரிச் சபையொன்றில் பதிவேட்டைத் திறக்கும் குருவானவர் இதனை அறிந்தே பெயரை எழுதுகிறார்.