பூண்டுச் சாறும் புரோபயாட்டிக்கும்: செல்லுக்குத் தெரிவது என்ன?

"நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்ற வரி கஷாயப் பொட்டலத்திலும் இருக்கிறது, புரோபயாட்டிக் புட்டியிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத்தான் வாங்குகிறவர் நினைத்துக்கொள்கிறார். மைசூரு செலுவாம்பா மாளிகையில் 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இரண்டையும் ஆராய்ந்து வந்திருக்கிறது. அங்கு நடந்த பூண்டு, வெங்காய ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகப் பிடிபடும்.

பூண்டில் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் லெக்டின் புரதங்கள் உண்டு. வெள்ளையணுக்களைப் பெருகத் தூண்டும் பூண்டுப் புரதங்களில் முக்கியமானவை இந்த லெக்டின்களே என்று அந்த நிறுவனத்தின் ஒய்.பி. வெங்கடேஷ் குழுவினர் 2010இல் காட்டினார்கள். செல்லின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. லெக்டின் அவற்றைப் பிடித்து இழுக்க, செல் விழித்துக்கொள்கிறது. இரைப்பை அமிலச் சூழலையும் இந்தப் புரதம் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. எலிகளுக்கு ஊட்டியபோது அவற்றின் உடல் இதற்கு எதிராகவே ஆன்டிபாடி தயாரித்தது. தூண்டுவது வேறு, பாதுகாப்பது வேறு என்பதை இந்த ஒரு முடிவே சொல்லிவிடுகிறது.

வெங்காய லெக்டினைப் பற்றி அதே குழு 2015இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசைதான். ஆய்வுத்தட்டின் குழிகளில் வளரும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதைச் சந்தித்ததும் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரந்தன. இதை அளக்க வழக்கமாகக் கிரீஸ் கரைசலைச் சொட்டுவார்கள். செல் எவ்வளவு கிளர்ந்ததோ அந்த அளவுக்குக் குழி இளஞ்சிவப்பாக மாறும்.

புரோபயாட்டிக் பாக்டீரியாவின் வழி வேறு. லாக்டோபேசிலஸின் செல்சுவரில் உள்ள லைப்போடைகோயிக் அமிலமும் லைப்போபுரதங்களும் டி.எல்.ஆர்.2 என்ற உணரியைத் தொடுகின்றன. இதற்கு பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டியதில்லை. இட்லி வேகும்போது மாவிலுள்ள லூக்கோனாஸ்டாக் மடிந்தாலும் அதன் சுவர்த் துண்டுகள் குடலுக்குள் போகத்தான் செய்கின்றன. ஆனால் உயிருள்ள பாக்டீரியா செய்யும் ஒன்றை எந்தச் சாற்றாலும் தனியாகச் செய்ய முடியாது: பெருங்குடலில் உட்கார்ந்து நாரைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்குவது. இந்த அமிலம் கட்டுப்படுத்தும் டி செல்களைப் பெருக்கி எதிர்ப்பை அடக்குகிறது என்று 2013இல் வெளிவந்த எலி ஆய்வுகள் காட்டின. எல்லா பாக்டீரியாவும் இதைச் செய்வதில்லை. ஒரே இனத்தின் இரண்டு வகைகள்கூட எதிரெதிராக நடந்துகொள்ளும்.

ஆக, ஒன்று தட்டி எழுப்புகிறது, மற்றது எழுப்பவும் செய்கிறது, அமர்த்தவும் செய்கிறது. இத்தோடு ஒப்பீட்டை முடித்துக்கொள்ளலாம் என்றால், 2008இல் மிசிசிப்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு குறுக்கே நிற்கிறது. எதிர்ப்பைத் தூண்டுவதாகப் பெயர் பெற்ற சில மூலிகைச் சாறுகளை அவர்கள் சோதித்தார்கள். மேக்ரோஃபேஜ்களைக் கிளப்பியதில் பெரும்பங்கு அந்தச் சாறுகளில் கலந்திருந்த பாக்டீரிய லைப்போபுரதங்களுக்கும் லைப்போபாலிசாக்கரைடுக்கும் உரியது என்று தெரிந்தது. இலையின் உள்ளே வாழும் கிருமிகளின் பாகங்களும் சாற்றோடு சேர்ந்து வந்துவிடுகின்றன. இந்தக் கலப்பின் விளைவைத் தடுக்க இத்தகைய சோதனைகளில் வழக்கமாகச் சேர்க்கும் பாலிமிக்ஸின் பி என்ற மருந்து லைப்போபாலிசாக்கரைடை மட்டுமே முடக்கும், லைப்போபுரதம் தப்பிவிடும். தட்டில் குழி சிவந்ததை மட்டும் காட்டி மூலிகையின் பெருமை பேசும் ஆய்வுகளை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். மைசூரில் செய்ததுபோல் புரதத்தைப் பிரித்தெடுத்து, அதன் அடையாளத்தையும் உறுதிசெய்த வேலைக்குத்தான் மதிப்பு அதிகம்.

வெங்கடேஷ் குழு வெங்காயத்தின் ஃபிரக்டோ-ஆலிகோசாக்கரைடுகளையும் ஆராய்ந்தது. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய் பாக்டீரியாவுக்கு இரையாகும் சர்க்கரைகள் இவை. இதே வகைச் சர்க்கரையோடு லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் சேர்ந்த மருந்தை ஒடிசா கிராமங்களில் பிறந்த குழந்தைகளுக்கு 7 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. அதில் சேர்ந்த குழந்தைகள் 4,556 பேர். மருந்து பெற்றவர்களில் ரத்த நச்சுத் தொற்றோ மரணமோ நேர்ந்தது 5.4 சதவீதம், பெறாதவர்களில் 9 சதவீதம். இதில் சர்க்கரையின் பங்கு எவ்வளவு, பாக்டீரியாவின் பங்கு எவ்வளவு? இரண்டையும் தனித்தனியே கொடுத்துப் பார்க்கும் பிரிவுகள் அந்த ஆய்வில் இல்லை.