முடிவு தெரிந்த பார்வையாளர்: திரைப்படச் சங்கங்களும் மறுமதிப்பீடும்

வெளிவந்தபோது ஓடாத ஒரு படம். பல ஆண்டுகள் கழித்துச் சிலர் கூடி அதைப் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள். இன்று அது பாடத்திட்டத்தில் இருக்கிறது. சினிமா வரலாற்றில் இந்தக் கதைக்கு விளக்கம் எப்போதும் ஒன்றுதான்: படம் காலத்தை முந்திப் பிறந்துவிட்டது; மக்களுக்கு விளங்கவில்லை; ரசனை உள்ளவர்கள் பின்னால் வந்து கண்டெடுத்தார்கள். இந்த விளக்கத்தில் இரண்டு பழுதுகள் உள்ளன. முதலில் பார்த்தவர்களை அது விவரம் தெரியாதவர்களாக்குகிறது. பின்னால் பார்த்தவர்கள் எந்தப் பிரதியை, எதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தார்கள் என்ற கேள்வியை எழவிடாமல் செய்கிறது. திரைப்படச் சங்கங்களில் நடக்கும் மறுமதிப்பீட்டுக்கு உயர்ந்த ரசனையைக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. கதையின் முடிவு தெரிந்தவர்கள் பலராகக் கூடிப் பார்த்து, விளக்கு எரிந்த பிறகு ஒருவரையொருவர் மறுத்துப் பேசுவது தனி வகையான பார்வை. மறுமதிப்பீடு அதிலிருந்து பிறக்கிறது. அதற்கென்று ஒரு கூர்மை உண்டு, ஒரு குருட்டுப்புள்ளியும் உண்டு.

சங்கங்களின் வரலாறு பலரும் எழுதியதுதான். லண்டன் ஃபிலிம் சொசைட்டி 1925-இல் ஐவர் மாண்டேகு முதலியோரால் தொடங்கப்பட்டது. பொதுத் திரையிடலுக்குத் தடை இருந்த ஐசன்ஸ்டைனின் ‘பொட்டெம்கின் போர்க்கப்பல்’ 1929-இல் அங்கே உறுப்பினர்களுக்குக் காட்டப்பட்டது. பாரிஸில் ஆன்றி லாங்லுவாவும் ஜார்ஜ் ஃபிரான்ஜுவும் 1935-இல் தொடங்கிய வட்டம், அடுத்த ஆண்டே சினிமாதெக் என்னும் காப்பகமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆந்த்ரே பஸான் தொழிலாளர்களுக்குப் படம் காட்டி விவாதம் நடத்தினார். கல்கத்தாவில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் 1947-இல் சங்கம் கண்டார்கள். 1959-இல் ராயைத் தலைவராகக் கொண்டு இந்தியச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது சென்னைச் சங்கமும் அதில் இருந்தது. 1964-இல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் வந்தது, பி.கே. நாயரின் முயற்சியால் அதன் பிரதிகள் பெட்டிகளில் ஏறி ஊர் ஊராகச் சென்றன. தணிக்கை செய்யாத அயல்நாட்டுப் படம் பார்க்கலாம் என்பதற்காகவே சந்தா கட்டியவர்களும் அக்காலத்தில் குறைவில்லை. இயக்கத்தின் புனித வரலாறுகளில் இவர்களுக்கு இடமில்லை. ஆனால் பல சங்கங்கள் வாடகை கட்டியது இவர்கள் சந்தாவில்தான்.

பிரதியிலிருந்து தொடங்குவோம். ழான் ரென்வாரின் ‘ஆட்டத்தின் விதிகள்’ 1939 ஜூலையில் பாரிஸில் வெளியாகிப் படுதோல்வி கண்டது. பார்வையாளர் கோபத்துக்கு அஞ்சி ரென்வார் காட்சிகளை வெட்டினார். சில மாதங்களில் அரசு தடை விதித்தது. போரில் நேசநாடுகளின் குண்டுவீச்சில் மூல நெகட்டிவ் அழிந்தது. போருக்குப் பிந்தைய திரைப்பட மன்றங்கள் பார்த்துப் பேசியது ஒன்றரை மணிக்கும் குறைவாக ஓடும் வெட்டுப்பட்ட பிரதியை. ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952-இல் விமரிசகர்களிடம் முதன்முதலாக நடத்திய வாக்கெடுப்பில் அந்தச் சிதைந்த படமே பத்தாம் இடத்துக்கு வந்தது. 1959-இல் ழான் காபோரி, ழாக் துராந் என்ற இருவர் எஞ்சிய துண்டுகளைத் தேடிச் சேர்த்து, ரென்வாரின் ஒப்புதலோடு 106 நிமிடப் பிரதியை உருவாக்கினார்கள். 1962 வாக்கெடுப்பில் படம் மூன்றாம் இடம். 1972-இல் இரண்டாம் இடம்.

ரசனை இருபது ஆண்டுகளில் வளர்ந்ததன் சான்றாக இந்த ஏற்றத்தைக் காட்டுவது வழக்கம். 1952-இல் வாக்களித்தவர்களும் 1962-இல் வாக்களித்தவர்களும் ஒரே படத்தைப் பார்த்திருந்தால் அந்த வாதம் நிற்கும். அவர்கள் பார்த்தது வேறு வேறு. ஒரு படம் ‘மேலே ஏறியது’ என்று எழுதுகிறவர், எத்தனை நிமிடப் படம் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இதற்கு எதிரான சான்று ஒன்று என் வாதத்துக்குச் சங்கடம் தருவது. ஆகவே அதையும் வைக்கிறேன். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ 1958-இல் வந்தபோது வரவேற்பு மந்தம். 1960-களின் நடுவில் விமரிசகர் ராபின் உட் அதைத் தலைசிறந்த படமாக வாதாடினார். 1970-களின் தொடக்கத்திலிருந்து 1983 வரை ஹிட்ச்காக்கிடம் உரிமை இருந்த ஐந்து படங்கள் முறையான விநியோகத்தில் இல்லை. இது அவற்றுள் ஒன்று. ஆனால் 1982 வாக்கெடுப்பில்தான் அது முதன்முறையாகப் பத்துக்குள், ஏழாம் இடத்தில் வருகிறது. பார்க்கக் கிடைக்காத படம் ஏறியிருக்கிறது! பிரதியில்லாமலே பேச்சால் மட்டும் ஒரு படம் வளர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. நம் ஊரிலும் கிடைக்காத படத்துக்குத்தான் மவுசு அதிகம். யாரோ ஒருவர் பார்த்ததாகச் சொன்னது போதும். ஆனால் ‘வெர்டிகோ’ திரும்பி வந்த பின்னும் சரியவில்லை. 2012-இல் முதலிடம் பிடித்தது. நினைவில் பெருத்த படம் கண்ணெதிரே வந்தும் ஏன் சுருங்கவில்லை?

ஏனென்றால் அது முடிவு தெரிந்த பார்வையாளருக்கு வேறு படமாகிவிடுகிறது. முதல்முறை பார்ப்பவர் நாயகி மேடலினை ஆவி பிடித்த பெண்ணாகப் பார்க்கிறார், துப்பறிபவனோடு சேர்ந்து பின்தொடர்கிறார். இரண்டாம் முறை பார்ப்பவருக்கு அவள் வேடம் போட்டு நடிப்பவள். எந்தக் கணத்தில் நடிப்பு முடிந்து காதல் தொடங்குகிறது என்று அவளாக நடிக்கும் கிம் நோவாக்கின் முகத்தில் தேடுகிறார். மர்மம் போய்விட்டது, மர்மம் இருந்த இடத்தில் ஒரு பெண்ணின் துன்பம் இருக்கிறது. இப்படி முடிவைப் பறிகொடுத்த பிறகும் பார்க்க எதையாவது மிச்சம் வைத்திருக்கும் படங்களே சங்கத்தில் நிலைக்கின்றன.

தமிழில் இதற்குச் சரியான உதாரணம் எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். 1954-இல் வெளியிட்ட ‘அந்த நாள்’. வீணைக் கலைஞரான பாலசந்தர் படத்தில் ஒரு பாட்டுக்கூட வைக்கவில்லை. பத்துப் பாட்டு சாதாரணமாக இருந்த காலம். கொட்டகையில் கூச்சல் எழுந்தது, பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள் என்றெல்லாம் பதிவுகள் உண்டு. இன்று சங்கங்களில் இந்தப் படத்தைத் திரையிடும் எவரும் அறிமுகவுரையில் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. கூடவே, பாட்டில்லாத படத்தைப் பொறுக்கத் தெரியாத ரசிகர்களைப் பற்றி ஒரு இளக்காரமும் வந்துவிடும். அந்த இளக்காரம் நியாயமில்லை. 1954-இல் சிவாஜி கணேசன் படம் என்று நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கு, முதல் காட்சியிலேயே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். பிறகு வருகிற பின்னோட்டங்களில் அவர் தேசத்துரோகி என்று தெரிகிறது. ஆறுதலுக்குப் பாட்டும் இல்லை. தாங்கள் பெற்றுப் பழகிய மூன்றையும் படம் பறிக்கிறது என்று அவர்கள் சரியாகவே கண்டுகொண்டார்கள். அந்தக் கூச்சல் படத்தின் மீதான முதல் துல்லியமான விமரிசனம் என்பேன்.

அறிமுகவுரைகளின் இரண்டாவது சம்பிரதாயம், ‘ரஷோமோன்’ ஒப்பீடு. குரோசவாவின் படத்தில் நால்வர் சொல்லும் கதையில் எது உண்மை என்பது தீராமலே நிற்கிறது. ‘அந்த நாளி’ல் ஜாவர் சீதாராமனின் துப்பறியும் அதிகாரி வருகிறார், ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார், கடைசியில் உண்மை ஒன்றுதான் என்று நிறுவிவிடுகிறார். ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லும் அமைப்பைத் தவிர, உண்மையைப் பற்றிய பார்வையில் இரண்டும் எதிரெதிர். பாட்டில்லை, ‘ரஷோமோன்’ சாயல் என்ற இரண்டையும் சொல்லி முடித்ததும் பல அரங்குகளில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. மறுமதிப்பீடு உண்மையில் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

கொன்றவள் மனைவி உஷா என்று தெரிந்துகொண்டு படத்தை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். விசாரணை நடக்கும் வீட்டில் உஷாவாக வரும் பண்டரிபாயின் முகம் அப்போது வேறாகத் தெரிகிறது. முதல் பார்வையில் கணவனை இழந்தவளின் அழுகையாகத் தோன்றியது, இப்போது துக்கமும் ஒளிவும் ஒரே முகத்தில் கலந்திருப்பதாகத் தெரிகிறது. பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி, நாட்டியக்காரி அம்புஜம் என்று அடுத்தடுத்துச் சந்தேகம் பாயும்போதெல்லாம் நம் கண் பேசுகிறவரை விட்டுவிட்டு, பேசாமல் நிற்பவளிடம் போகிறது. முதல்முறை பார்ப்பவருக்கு இது சிவாஜி படம். முடிவு தெரிந்தவருக்குப் பண்டரிபாய் படம்.

அடுத்து வருவது அரசியல். கதை 1943 அக்டோபரில், சென்னை மீது ஜப்பானியர் குண்டு போட்டதை ஒட்டி நடக்கிறது. வானொலித் தொழில்நுட்பத்தில் தன் கண்டுபிடிப்பை இங்கே யாரும் மதிக்கவில்லை என்ற கசப்பில் சிவாஜி ஏற்ற ராஜன் ஜப்பானுக்கு உளவு சொல்கிறான். தேசப்பற்றுள்ள உஷா அதைப் பொறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் சுபாஷ் சந்திரபோஸ் ஜப்பானிய உதவியோடு படை நடத்திக்கொண்டிருந்தார். மலாயாத் தமிழர் பலர் அதில் சேர்ந்தார்கள். 1954-இல் தமிழ்நாட்டு வீடுகளில் நேதாஜி படம் தொங்கியது. அப்படியிருக்க, ஜப்பானோடு சேர்வது துரோகம் என்பதைப் படம் ஏன் ஒரு கேள்வியும் இல்லாமல் எடுத்துக்கொள்கிறது? ராஜன் காசுக்கும் கசப்புக்கும் செய்தான், போஸ் விடுதலைக்குச் செய்தார் என்று பதில் சொல்லலாம். அந்தப் பதிலைப் படம் சொல்கிறதா, நாம் படத்துக்காகச் சொல்கிறோமா? ஒரு மாலை முழுக்கப் பேச இது போதும். கொலையாளி யார் என்ற ஆவல் இருக்கும்வரை இக்கேள்வி யாருக்கும் எழாது.

சங்கங்களின் குருட்டுப்புள்ளி என்று சொன்னேன். சங்கம் ஏற்றுமே தவிர இறக்காது. தோற்ற படத்தைத் தூக்கி நிறுத்துவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. தூக்கி நிறுத்தியதை மறுபடி தட்டிப் பார்ப்பது நன்றிகெட்ட வேலையாகிவிடுகிறது. ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ 1978 தீபாவளிக்கு வந்தது. தொடக்கத்தில் கூட்டமில்லை, மிருணாள் சென் பாராட்டிப் பேசிய பிறகு கவனம் திரும்பியது. தமிழில் பெண்ணியம் பேசிய முதன்மையான படமாக அது சங்கங்களில் நிலைபெற்றுவிட்டது. நல்லுசாமி, ஞானசேகரன் இருவரின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவும், மஞ்சுவாக வரும் ஸ்ரீப்ரியாவின் சீற்றமும் அந்த இடத்துக்குத் தகுதியானவையே.

ஆனால் படத்தின் கட்டமைப்பைப் பாருங்கள். மஞ்சு ஏன் இப்படி இருக்கிறாள் என்பதற்குப் படம் காரணம் தேடிக்கொண்டே இருக்கிறது: தாயின் உறவு, கைவிட்ட காதல்கள், ஏமாற்றங்கள். காயப்பட்டதால்தான் ஒரு பெண் இப்படிப் பேசுகிறாள் என்றாகிறது. காயப்படாதவள் இதே கேள்விகளைக் கேட்க இடமில்லை. பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருணுக்கு, அவன் கண்ணோட்டத்துக்கு, இப்படி எந்தக் காரணமும் தேவைப்படவில்லை. கடைசியில் அவன் வேறொருத்தியை மணந்துகொண்டு வருகிறான், மஞ்சு தெருவில் நிற்கிறாள், கார் போகிறது. அருணின் ஆண்மையவாதத்தைப் படம் அம்பலப்படுத்துகிறது என்று வாதாடலாம். அவன் கண்ணாலேயே படமும் அவளைப் பார்க்கிறது என்றும் வாதாடலாம். எனக்கு இரண்டாவதே வலுவாகப் படுகிறது. இதனால் படம் சிறியதாகிவிடாது. ஆனால் ‘முற்போக்குப் படம்’ என்ற முத்திரை குத்தி அலமாரியில் வைத்தபின் இந்த வாதமே எழாமல் போகிறது; எழுப்புபவருக்கு, அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சல் தெரியுமா என்று பதில் வருகிறது. துணிச்சல் 1978-க்கான பதில். இன்று கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது.

இந்தக் குருட்டுப்புள்ளியின் எல்லைக்கோடு ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’. தேசிய விருது பெற்றது. எதிர்ப்பால் 1989-இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பைக் கைவிட்டது. பெரும்பாலும் சங்கங்களே அதன் அரங்கம். கூச்சலிட்ட முதல் பார்வையாளர் அதற்கு வாய்க்கவே இல்லை. அதைப் பற்றிய எழுத்தில் வியப்பு மிகுதியாகவும் மறுப்பு அரிதாகவும் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். கொட்டகையில் பணம் கேட்டுக் கத்தியவர்கள் ‘அந்த நாளு’க்குச் செய்த உதவியை, பக்தியோடு பார்த்தவர்கள் இந்தப் படத்துக்குச் செய்யவில்லை.

ஆகவே சங்கங்கள் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். திரையிட்ட படத்தின் பெயரையும் வந்தவர் கையெழுத்தையும் மட்டும் வைத்திருக்கும் பதிவேட்டில் இன்னும் நான்கு வரி சேருங்கள்: எந்தப் பிரதி, எங்கிருந்து வந்தது, எத்தனை நிமிடம் ஓடியது, யார் எந்தக் காட்சியை முன்வைத்து மறுத்துப் பேசினார். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. மறுமதிப்பீட்டுக்கு வழியே இல்லாத படம் அது. பிரதிகளைக் காப்பது காப்பகத்தின் வேலை, அதற்குப் பணமும் குளிரூட்டிய அறையும் வேண்டும். பேச்சைக் காக்க ஒரு நோட்டுப் புத்தகமும், அதை எழுத ஒப்புக்கொள்ளும் ஓர் உறுப்பினரும் போதும். அடுத்த திரையிடலிலேயே தொடங்குங்கள்.