கேள்வி கேட்கும் விளையாட்டு



கம்ப்யூட்டர் விளையாட்டில் வேதியியல் படிக்க முடியுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இது நேற்று வந்த சங்கதி இல்லை.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-ல் டொனால்ட் பிட்சர் என்பவர் ‘பிளேட்டோ’ என்ற கணினிவழிக் கற்பித்தலைத் தொடங்கினார். 1970-களில் அதற்கு ஆரஞ்சு நிறத் திரை வந்தது. விரலால் தொட்டாலே போதும். (அப்போது நம்மூரில் பலர் டி.வி.யே பார்த்ததில்லை!)

அதில் ஸ்டான்லி ஸ்மித் என்ற பேராசிரியர் கரிம வேதியியல் பாடங்களை அமைத்தார். அவற்றில் ஒன்று நம் விடுகதை மாதிரி. கணினி ஒரு சேர்மத்தை ஒளித்து வைத்துக்கொள்ளும். நீரில் கரையுமா, கொதிநிலை என்ன என்று மாணவர் தட்டச்சு செய்து கேட்க வேண்டும். கிடைத்த பதிலை வைத்துத்தான் அடுத்த கேள்வி. கடைசியில் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிளஸ் டூவில் உப்பைப் பகுத்தாய்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பெரும்பாலோர் சோதனை வரிசையை மனப்பாடம் செய்து, அப்படியே செய்து முடித்தவர்கள்தானே? எந்தச் சோதனையை முதலில் செய்தால் பாதிச் சந்தேகம் தீரும் என்று யோசிக்க நேரம் ஏது? பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டு தேடும்போது, அது யோசிக்க விடுகிறதா, வெறுமனே வேகமாகத் தட்டச் சொல்கிறதா என்று பாருங்கள்.

திரையில் குடுவை உடையாது, அமிலம் தெறிக்காது. ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றமும் வராது. அதற்கு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.