எலும்பில்லாத பிராணியின் 9½ கோடி வருடக் கணக்கு

ஆக்டோபஸுக்கு எலும்பு கிடையாது. நத்தை மாதிரி ஓடும் கிடையாது. (நம்மூர்ப் பக்கம் பேய்க்கணவாய் என்பார்கள்.) உடம்பில் கெட்டியான பொருள் என்று பார்த்தால், கிளி மூக்கு மாதிரி ஓர் அலகுதான். செத்துப்போனால் சில நாட்களில் கூழாகிவிடும். அப்படிப்பட்ட பிராணி எட்டுக் கைகளோடு கல்லுக்குள் 9½ கோடி வருடம் கிடந்திருக்கிறது!

இடம் லெபனான். அந்த நாட்டின் கல்லுக்குள் மீன் இருப்பது பழைய செய்தி. 1253-ல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி சிலுவைப் போருக்காக அங்கே சைதா நகரில் தங்கியிருந்தபோது, ஒரு கல்லைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஏடு ஏடாகப் பிரிந்த அந்தக் கல்லுக்குள் கடல் மீன் ஒன்றின் உருவம் இருந்ததாம். கூட இருந்த ழுவான்வில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

மீனுக்காவது முள் உண்டு. ஆக்டோபஸ்? லெபனானின் சாஹேல் ஆல்மாவில் கிடைத்த ஒன்றை 1896-ல் ஹென்றி உட்வர்ட் விவரித்தார். ஆக்டோபஸின் பழைய வரலாற்றுக்கு நெடுநாள் முக்கிய ஆதாரம் அதுதான். பிறகு 2009-ல் டிர்க் ஃபுக்ஸ் குழுவினர், ஹாக்கெல், ஹஜூலா என்ற மலைக் கிராமங்களில் கிடைத்த ஐந்து படிவங்களிலிருந்து மூன்று புதிய இனங்களை அறிவித்தார்கள். கைகள், உறிஞ்சிகள், மை எல்லாம் தெரிகின்றன. ஸ்டைலெட்டாக்டோபஸ் என்று பெயரிட்ட இனம் இன்றைய ஆக்டோபஸுக்கு மிக நெருக்கமாக இருந்தது. இன்றைய ஆக்டோபஸ் வகை தோன்றிய காலம் பல கோடி வருடம் பின்னால் போய்விட்டது.

சரி, கூழாகவேண்டியது எப்படிக் கல்லானது?

கடலடியில் மாவு போன்ற சுண்ணாம்புச் சேறு. ஆக்ஸிஜன் மிகக் குறைவு. அதனால் பிணத்தைப் பிய்த்துத் தின்ன நண்டோ புழுவோ வராது. சீக்கிரமே சேறு மூடிவிடும். ஆனால் மூடினால் மட்டும் போதாது, உள்ளே பாக்டீரியா இருக்கிறதே! இங்கேதான் விசித்திரம். உடம்பை அழுகச் செய்யும் அதே பாக்டீரியா, சுற்றியுள்ள நீரின் அமிலத் தன்மையை மாற்றுகிறது. உடம்பிலிருந்தே வெளியேறும் பாஸ்பேட், கால்சியத்தோடு சேர்ந்து தசை இருந்த இடத்தில் படிகிறது. அழுகல் முடிவதற்குள் இது நடந்தால் தசையின் அச்சு கல்லாகிறது. தாமதமானால் ஒன்றும் மிஞ்சாது. அழிக்கிறவனே பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி.

மை வேறு வகை. அதிலுள்ள மெலனின் லேசில் சிதையாது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங், ஆக்டோபஸுக்குத் தூரத்து உறவான பெலம்னைட்டின் மைப்பைகளைக் கண்டெடுத்தார். அவர் தோழி எலிசபெத் ஃபில்பாட் அந்தக் காய்ந்த மையைத் தண்ணீரில் குழைத்துப் படமே வரைந்தார்!

நம் வங்கித் தொழிலில் ஒரு பாடம் உண்டு. வவுச்சர் கிடைக்கவில்லை என்பதற்காகப் பரிவர்த்தனையே நடக்கவில்லை என்று எழுதக்கூடாது. 1896-க்கும் 2009-க்கும் இடையில் கடலில் ஒன்றும் மாறவில்லை. நம் கையில் இருந்த தாள்தான் கூடியது. மறுபக்கமும் உண்டு: வவுச்சர் இருந்தாலே போதாது, சரிபார்க்க வேண்டும். அமெரிக்காவின் இல்லினாயில் கிடைத்து, சுமார் 30 கோடி வருடப் பழமையான ஆக்டோபஸ் என்று 2000-ல் அறிவிக்கப்பட்ட போல்செபியாவை, பல ஆய்வாளர்கள் ஆக்டோபஸ் என்று ஏற்கவில்லை. கல்லில் தெரிவது உறுப்பா, வெறும் கறையா என்பதே தகராறு.

லெபனானில் இது நடந்த காலத்தில் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமும் கடல்தான். காரை கிராமத்துச் செம்மண் மேடுகளில் அம்மோனைட் சுருள்களும் துப்பாக்கிக் குண்டு வடிவப் பெலம்னைட் துண்டுகளும் கிடைக்கின்றன. இரண்டுமே கணவாயின் உறவுக்காரர்கள்தான். மிஞ்சியது கெட்டியான பாகம் மட்டும். கைகளோ கண்களோ மையோ அந்தத் துண்டுகளில் இல்லை.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, திருச்சி வழியாகப் போகிறவர்கள் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போய்க் காட்டலாம். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும். அந்தக் குண்டைச் சுற்றி ஒரு காலத்தில் ஓர் உடம்பு இருந்தது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.