கை மரத்தவள்

ஆங்கிலக் கதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்காரச் சிறுமியின் கையிலிருந்து பீங்கான் தட்டு நழுவுகிறது. எஜமானி அவளைக் 'கிளம்ஸி' என்று ஏசுகிறாள். முதலில் 'கையாலாகாதவள்' என்று எழுதினேன். மனம் ஒப்பவில்லை. அச்சொல்லின் வேரைத் தேடிப் போனேன். அங்கே இருந்தது குணமல்ல, குளிர்.

இடைக்கால ஆங்கிலத்தில் 'கிளம்ஸன்' என்றொரு வினைச்சொல் இருந்தது. குளிரில் விறைத்துப்போதல், மரத்துப்போதல் என்பது பொருள். ஸ்காண்டிநேவிய மொழிகளின் வழியே ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. 14ஆம் நூற்றாண்டில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய 'பியர்ஸ் ப்ளௌமன்' என்ற நெடுங்கவிதையிலும் அதற்கு அதுவே பொருள். அக்கவிதையின் பிந்தைய பாடத்தில் குடிசைப் பெண்களைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. குளிர்கால இரவில் எழுந்து தொட்டில் ஆட்டுகிறார்கள், கம்பளியைச் சிக்கெடுத்து வாருகிறார்கள், கந்தலைத் தைக்கிறார்கள், துவைக்கிறார்கள். லாங்லண்ட் இவ்விரண்டையும் ஓரிடத்தில் வைக்கவில்லை. நான்தான் சேர்த்து வாசிக்கிறேன். அந்த இரவுகளில் விறைத்த விரல்கள் வேறு யாருடையவை?

1601இல் பென் ஜான்சன் தன் போட்டியாளரான ஜான் மார்ஸ்டனைக் கேலிசெய்து 'பொயட்டாஸ்டர்' நாடகத்தை எழுதினார். அதில் மார்ஸ்டனைக் குறிக்கும் பாத்திரம், மாத்திரை விழுங்கி, தான் கையாண்ட விநோதச் சொற்களையெல்லாம் வாந்தியெடுக்கிறது. அவற்றுள் 'கிளம்ஸி'யும் ஒன்று. குளிரால் விரல்கள் வீங்கிப் புண்ணாவதைக் குறிக்கும் சொல்லும் அதே பட்டியலில் இருக்கிறது. மார்ஸ்டனோ அச்சொல்லைக் குளிர்காலத்துக்கே அடைமொழியாக்கியிருந்தார். அதுவரை சொல்லுக்குத் தன் பிறப்பு மறக்கவில்லை.

1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வருகிறது. திறமையும் நயமும் அற்ற தன்மை என்று பொருள் தருகிறது. வேராக அவர் காட்டுவது, 'மூடத்தனமான' என்று பொருள்படும் டச்சுச் சொல். அந்த வேரைப் பிற்காலச் சொல்லாய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் ஒரு பெரும் அகராதியில், குளிர் இருந்த இடத்தில் மூடத்தனம் அமர்ந்துவிட்டது. கைக்கு நேர்ந்த துன்பம், கைக்குரியவரின் குறையாயிற்று. இந்த இடமாற்றம் பெண்களாகிய நமக்குப் புதிதல்ல.

அதே இங்கிலாந்தில் 1833இல் பிறந்த ஹன்னா கல்விக், எட்டு வயதிலேயே வீட்டுவேலைக்குப் போனவர். படிக்கட்டு தேய்த்ததையும் கணப்படுப்பு துடைத்ததையும் பாத்திரம் துலக்கியதையும் நாட்குறிப்பில் விடாமல் எழுதிவைத்தார். உழைத்துச் சிவந்து காய்த்த கைகளுக்காக அவர் கூசவில்லை, பெருமைப்பட்டார். அகராதி எழுதியவர்களிடம் இல்லாத செய்தி அவர் கைகளில் இருந்தது.

நம் வீடுகளில் பாத்திரம் நழுவினால், "கை என்ன மரத்தா போச்சு?" என்று அதட்டுவார்கள். கேட்பவர் பதிலை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் கேள்வியில் உண்மை ஒளிந்திருக்கிறது. விடியலில் குழாயடியில் நின்றவளுக்கும், நாளெல்லாம் ஈரத்தில் கைவைத்தவளுக்கும் அது தெரியும்.

எஜமானியின் வசையை அடித்துத் திருத்தினேன். இப்போது அவள், "கை மரத்தா போச்சு?" என்றுதான் ஏசுகிறாள். சிறுமி பதில் சொல்வதில்லை. அவள் சொல்லாத பதிலைத் தமிழில் வாசிப்பவளாவது கேட்கட்டும்.